கார்டு இருந்தும் "பெட் இல்லை" என்றால், கணக்கு எங்கே இடிக்கிறது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பத்தாவுக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருந்தும், இரண்டு தனியார் மருத்துவமனைகளில் "பெட் இல்லை, மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "இனிமேல் மருத்துவமனைக்குச் செய்த வேலைக்குப் பணம் இல்லை, கிடைத்த பலனுக்குத்தான் பணம் என்று முறையை மாற்ற வேண்டும் என்கிறார்களே, அது வந்தால் எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்களுக்கு விடியுமா?" என்பது அவர் கேள்வி.

தானாக விடியாது. சில வகை மாற்றங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கவும் கூடும். காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து பல வருடம் அப்ரூவல் போட்டவன் நான். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஓடும் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

மருத்துவமனைக்குப் பணம் போய்ச் சேர நாலைந்து வழிகள்தான் உண்டு. ஒவ்வொரு ஊசிக்கும் ஸ்கேனுக்கும் தனித்தனியாக பில் போடுவது ஒன்று. "இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசிவிடும் பேக்கேஜ் இன்னொன்று. ஒரு வட்டாரத்தில் இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு, வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுப்பது மூன்றாவது. அரசு மருத்துவமனைக்குச் சம்பளமும் பட்ஜெட்டும் போவது நான்காவது. பலனைப் பார்த்துக் கூட்டிக் கொடுப்பது அல்லது பிடித்துக்கொள்வது என்பது இவற்றின் மேல் பூசுகிற பூச்சு.

நம் ஊர்த் திட்டம் பேக்கேஜ் முறையில் ஓடுவது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரில் புது வடிவம் எடுத்து, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து பிறகு 1,20,000 ஆனது. இதெல்லாம் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது, பேக்கேஜுக்குள் என்ன நடக்கிறது என்பது.

உங்கள் அப்பத்தாவையே எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் என்றால் அதற்கு ஒரு பேக்கேஜ் உண்டு. 50 வயதுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து அதே எலும்பை உடைத்துக்கொண்டு வந்தாலும் அதே பேக்கேஜ்தான். அவரை மறுநாளே தியேட்டருக்குள் கொண்டு போகலாம்; சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்பத்தாவுக்குச் சர்க்கரை 350-இல் நிற்கும். அது இறங்கும்வரை நாலு நாள் பெட்டில் வைத்திருக்க வேண்டும். இதயம் தாங்குமா என்று எக்கோ பார்க்க வேண்டும். மயக்க மருந்து மருத்துவர் இரண்டு முறை வந்து போவார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு இரவாவது தீவிர சிகிச்சைப் பிரிவு, புண் ஆறக் கூடுதல் நாட்கள். செலவு கூடிக்கொண்டே போகும், வரவு அப்படியே நிற்கும். 30 பெட் வைத்திருக்கிற மருத்துவமனையின் நிர்வாகி இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பதில்லை. வீல்சேரைப் பார்த்ததுமே அவருக்குத் தெரியும். "பெட் இல்லை" என்று வருகிறது.

அந்த நிர்வாகியைத் திட்டிப் பயனில்லை என்பது என் கருத்து. திட்ட வேண்டிய நேரங்களும் உண்டு: பேக்கேஜுக்கு மேல் கையில் காசு கேட்பது விதிமீறல், அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ஒரே விலையை எல்லோருக்கும் வைத்துவிட்டு, செலவு அதிகம் பிடிக்கிற நோயாளியை மனமுவந்து எடுத்துக்கொள் என்று எதிர்பார்ப்பது, மருத்துவமனை நடத்துகிறவரின் நல்ல மனசை மட்டும் நம்பித் திட்டம் போடுவது. எந்தக் கட்டண முறையும் உள்ளே வந்து கிளெய்ம் ஆன, அதாவது காப்பீட்டிடம் மருத்துவமனை பணம் கேட்டு எழுதின நோயாளியைத்தான் பார்க்கிறது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது, எந்தக் கணினியிலும் அவர் இல்லை. எளியவர்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஆயுஷ்மான் பாரத் என்கிற தேசியத் திட்டத்தின் விதிகளில் பேக்கேஜுக்கு மேல் கூட்டிக் கொடுக்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. தரச்சான்று வாங்கிய மருத்துவமனைக்கு 10 முதல் 15 சதவீதம், முதுநிலைப் படிப்பு நடத்தினால் 10, பின்தங்கியதாகப் பட்டியலிட்ட மாவட்டமாக இருந்தால் 10 என்று இருக்கிறது. பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். இரண்டும் நமக்குப் பக்கத்து மாவட்டங்கள், நம் சிவகங்கை மாவட்டம் அதில் இல்லை. சரி, அது போகட்டும். இந்தக் கூட்டல்கள் எல்லாமே கட்டடத்தையும் சான்றிதழையும் ஊரையும் பார்த்து வருபவை. பெட்டில் படுத்திருப்பவருக்கு வயது என்ன, வேறென்ன நோய், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று பார்த்துக் கூட்டுகிற விதி ஒன்றுகூட அங்கே கிடையாது. முதலில் மாற வேண்டியது இதுதான்.

பலனுக்குப் பணம் என்கிற விஷயத்தில் அமெரிக்கா ஏற்கனவே சூடுபட்டது. அங்கே முதியோருக்கான மெடிகேர் திட்டம் 1983-இல் இருந்தே நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் நோயாளிகள் அளவுக்கு மேல் திரும்பி வந்து சேர்ந்தால் அந்த மருத்துவமனைக்கு வரும் பணத்தில் பிடித்தம் என்று 2012 அக்டோபரில் ஒரு விதி போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஏழைகள் அதிகம் வருகிற மருத்துவமனைகளுக்குப் பிடித்தம் அதிகமாக விழுந்தது. வீட்டில் சமைத்துப் போட ஆளில்லை, மருந்து வாங்கக் காசில்லை என்றால், எவ்வளவு நன்றாக ஆபரேஷன் செய்து அனுப்பினாலும் நோயாளி திரும்பி வரத்தானே செய்வார்? ஏழைகளைப் பார்த்த பாவத்துக்கு அபராதம் என்று ஆகிப் போனது. 2016-இல் சட்டம் திருத்தி, 2018 அக்டோபரிலிருந்து, ஏழை நோயாளிகளின் விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தன்னைப் போன்ற மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த ஆறு வருடத்தில் போன பணம் போனதுதான். நம் ஊரில் யாராவது பலனுக்குப் பணம் என்று பேசினால், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: யாரை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

தாய்லாந்து நமக்கு இன்னும் நெருக்கம். 2002-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்தில், வெளிநோயாளி சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வட்டார மருத்துவமனைக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். படுக்கையில் சேர்ப்பதற்கு நோய்வாரியான மொத்தத் தொகை, அதற்கும் மொத்தத்தில் ஓர் உச்சவரம்பு. முக்கியமான சூட்சுமம் வேறு: செலவு அதிகம் என்பதால் எந்த மருத்துவமனையும் தள்ளிவிடப் பார்க்கும் சில நோய்களுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். டயாலிசிஸ் 2008-இல் அப்படித்தான் உள்ளே வந்தது. யாரைத் தள்ளிவிடத் தோன்றுமோ, அவர் பெயரில் முதலிலேயே தனிப் பணம்.

தலைக்கு இவ்வளவு என்கிற முறை செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி வாங்குகிற கணக்கை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. கப்பல் கணக்கு எழுதின வீடானாலும், இன்றைக்கு வாடகைக்கு இருக்கிற வீடானாலும் ஒரே வரி. துணையை இழந்தவரை அரைப் புள்ளியாக எழுதுவது வழக்கம். வாங்குகிற இடத்தில் அது கருணையான கணக்கு. மருத்துவத்தில் பணம் கொடுக்கிற இடத்தில் அதையே திருப்பிப் போட வேண்டும். பள்ளத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாக இருக்கும் ஆச்சியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்றரைப் புள்ளியாக, ஏன் இரண்டாகக்கூட எழுதினால்தான், அவர் வீடு தேடிப் போக ஒருவருக்கு நேரம் கிடைக்கும். எல்லோரையும் ஒரே புள்ளி என்று எழுதினால், வருடத்துக்கு ஒரு முறை காய்ச்சலுக்கு வரும் 25 வயதுப் பையனைத்தான் எல்லோரும் விரும்புவார்கள்.

ஆச்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் வறுமையைக் கண்டுபிடிப்பதே சிரமம். வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும், முகப்பில் பர்மா தேக்குத் தூண் நிற்கும், உள்ளே ஒரு வேளைதான் உலை வைப்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் சென்னையில் இருக்கும் மகனோடு இருக்கும். அவன் வருமானம் வரம்பைத் தாண்டும், அவன் அனுப்புகிற பணம் மட்டும் தாண்டாது. வருமானச் சான்றுக்குப் போனால், வீட்டைப் பார்த்தே கிராம நிர்வாக அலுவலர் சிரிப்பார். இதற்கு நேர் எதிராக ஆத்தங்குடியில் கையால் தரைக்கல் (டைல்ஸ்) செய்கிற தொழிலாளி. அவருக்குத் தகுதியில் எந்தச் சந்தேகமும் இல்லை, கார்டும் இருக்கும். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்டையும் மணலையும் அள்ளிப் போட்டு அழுத்தி அழுத்தி விரல் நுனி தேய்ந்து போயிருக்கும். ரேகை வைக்கிற மெஷினில் கட்டை விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், மறுபடி சிவப்பு. பத்து விரலும் முடிந்த பிறகு, போனுக்கு வருகிற எண்ணைச் சொல்லுங்கள் என்கிறோம். ஆதாரோடு சேர்த்த போன் திருப்பூரில் மகன் கையில் இருக்கிறது, அவன் ஷிஃப்டில் போனை எடுப்பதில்லை. இதெல்லாம் கட்டண முறைக்கு வெளியே உள்ள சில்லறை விஷயம் என்று திட்டம் போடுகிறவர்களுக்குத் தோன்றும். எந்தப் பேக்கேஜ் விலையும் அவருக்கு உதவுவதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கு பச்சையாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கென்று இருக்கும் வார்டு மேனேஜர்கள் பல இடங்களில் இந்த வேலையைத்தான் நாள் முழுக்கச் செய்கிறார்கள். அலைகிறவருக்காக அலைகிற ஒருவருடைய சம்பளம் கட்டண முறையின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் அதைக் கட்டாயமாக்கி, அதற்கான காசையும் கொடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு மட்டும் பணம் இருந்தால் ஆபரேஷன்தான் நடக்கும் என்பது நாடே பார்த்த பாடம். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களைப் பற்றி வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். எளியவர்களைத் திருப்பி அனுப்புவது ஒரு வகைக் கேடு என்றால், லாபம் வருகிற இடத்தில் அவர்களைத் தேடிப் பிடித்து அறுப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: விலைப் பட்டியல்.

பேக்கேஜின் எல்லையையும் பார்க்க வேண்டும். தேசிய விதிப்படி சேர்வதற்கு முன் 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரை பரிசோதனையும் மருந்தும் பேக்கேஜுக்குள் வரும். அதற்குப் பிறகு? இடுப்பில் ஆபரேஷன் ஆன 78 வயதுக்காரர் 16-ஆம் நாள் எழுந்து நடந்துவிடுவாரா? அவருக்கு வேண்டியது இரண்டு மூன்று மாதம் பிசியோதெரபி, வாக்கர், கழிப்பறையில் ஒரு கைப்பிடி, புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள். நல்லபடியாக ஆபரேஷன் ஆகிப் போனவர், முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்ணோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். தையல் அழகாக ஆறியிருந்தது. கோப்பின்படி அது வெற்றி பெற்ற கிளெய்ம்.

தமிழ்நாட்டுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும்கூட அதே திட்டத்தில் உண்டு. மருத்துவமனை ஒரு திட்டத்தின் காசில் ஆபரேஷன் செய்கிறது, வீட்டுக்கு வருகிறவர் இன்னொரு திட்டத்தின் காசில் வருகிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேக்கேஜில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, டிஸ்சார்ஜ் அன்றே அந்த ஊர்த் தன்னார்வலருக்குத் தகவல் போனதா, மூன்று மாதம் கழித்து நோயாளி வாசல்வரை நடக்கிறாரா என்று பார்த்துவிட்டு இரு பக்கத்துக்கும் அதைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? முழுக் கண்ணோட்டத்தோடு பலனுக்குப் பணம் கொடுப்பதென்றால் எனக்குத் தெரிந்த உருப்படியான வடிவம் இதுதான். ஒரு நிபந்தனை: 78 வயதுக்காரரின் நடையை 50 வயதுக்காரரின் நடையோடு ஒப்பிடக் கூடாது.

அப்புறம், நோயாளியின் கைக்கே போக வேண்டிய பணம். இதைப் பேசினாலே "இலவசம்" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணைகளில் கொடுப்பதை யாராவது இன்று வீண் என்பார்களா? காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. கூலிக்குப் போகிற வீட்டில் சிகிச்சைச் செலவைவிட அதோடு வரும் செலவுதான் ஆளை முறிக்கும். கண்டனூரிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி. டயாலிசிஸுக்கோ புற்றுநோய்க்கோ மதுரை போக வேண்டும் என்றால் புறநகர் பஸ், டிக்கெட் உண்டு. கூடப் போகிற மகளுக்கும் டிக்கெட், அன்றைய கூலியும் போச்சு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி என்றால், சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் நடுவில் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்கள் பெயரும் எந்தக் கணக்கிலும் ஏறாது. தொலைவுக்கு ஏற்ற பயணப்படியைப் பேக்கேஜோடு சேர்த்து நோயாளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புவது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

மருத்துவமனைப் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் பணம் 15 நாளில் வர வேண்டும் என்பது தேசிய விதி. அது தள்ளிப் போகப் போக, முதலில் கைவிடுவது சின்ன மருத்துவமனைதான். பெரியது தாக்குப் பிடித்துவிடும். பிறகு செட்டிநாட்டுக்குள் காப்பீட்டில் எடுக்க ஆளில்லாமல் எல்லாம் மதுரைக்கும் திருச்சிக்கும் போகும். அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் கிளெய்ம் போட்டு வருமானம் பார்க்கின்றன, அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கேயும் பேக்கேஜ் உள்ள நோய்க்கு மட்டும் தனி உபசாரம் என்று ஆகிவிடாமல் ஒரு கண் வேண்டும்.

இவ்வளவிலும் ஒன்றை மட்டும் உடனே செய்யலாம் என்றால் நான் சொல்வது, திருப்பி அனுப்பினால் எழுத்தில் கொடு என்கிற விதி. காப்பீட்டுப் பட்டியலில் உள்ள எந்த மருத்துவமனையும், கார்டோடு வந்தவரை எடுக்க முடியாவிட்டால் பெயர், வயது, நோய், காரணம், எங்கே அனுப்பினோம் என்று கணினியில் ஏற்றி ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்தால், எந்த வயதுக்காரர், எந்த நோய்க்காரர், எந்த ஊர்க்காரர் தள்ளப்படுகிறார் என்று தெரியும். விலையை எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்குக் கமிட்டி எதுவும் தேவையில்லை, அந்தச் சீட்டுகளே சொல்லும்.

உங்கள் அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பெலும்பு முறிவில் நாள் தள்ளத் தள்ள ஆபத்துதான், அதனால் மூன்றாவது தனியார் மருத்துவமனையைத் தேடாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கே கொண்டு போங்கள். காரைக்குடி அரசுத் தலைமை மருத்துவமனை, அங்கே முடியாதென்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி. காப்பீட்டுப் பிரிவில் கார்டு, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். ஆதாரோடு சேர்த்த போன் யாரிடம் இருக்கிறதோ, அவரையும் கூட்டிப் போங்கள். திருப்பி அனுப்பிய இரண்டு மருத்துவமனைகளைப் பற்றித் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-இல் தேதி, நேரத்தோடு பதிவு செய்யுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்குப் பெயர் எழுதி வையுங்கள். அதை நீங்களாகக் கேட்டால்தான் எழுதுவார்கள்.